மூன்றரை அறைத் தலைவலி

வயர்மேனுக்குக் கரண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்ற செய்தி பரவியபோது கம்பெனியே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவர் மேலாளர் மட்டும்தான். அவர் எதற்கும் சிரிப்பதில்லை.

"இருபத்திரண்டு வருஷமா ஒத்துக்கிட்டது இப்ப மட்டும் ஏன் ஒத்துக்கல?" என்று கேட்டார்.

"கரண்ட் இல்ல சார், சிக்னல். மொட்டை மாடிகள்ல புதுசா டவர் வெச்சிருக்கோமே, அந்தப் பெட்டிகிட்ட போனாலே பின்மண்டையில ஆணி இறக்குற மாதிரி இருக்கு. காதுல சோடா பாட்டில் திறந்த சத்தம். போன மாசம் கண்ணை இருட்டிக்கிட்டு வந்து ஏணியில இருந்து விழுந்தேன். ரெண்டு விலா எலும்பு போச்சு. என்னை ஸ்டோர் ரூமுக்கு மாத்திடுங்க சார்."

மேலாளர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "மின் உணர்வு நிர்ணய வாரியத்துக்குப் போங்க. அங்க 'உண்டு'ன்னு எழுதிக் குடுத்தா ஸ்டோர் ரூம். 'இல்லை'ன்னு எழுதிக் குடுத்தா டவர். ஒண்ணுமே எழுதிக் குடுக்கலன்னா வீடு."

வயர்மேன் தன் அக்காவோடு வாரியத்துக்குப் புறப்பட்டார். அக்கா மாவு மில் வைத்திருப்பவள். முப்பது வருடம் மூட்டை தூக்கியதில் அவள் முன்கை ஒவ்வொன்றும் வயர்மேனின் தொடை அளவுக்கு இருக்கும். மில்லுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் அவர்கள் இருவரும் குடியிருந்தார்கள். தம்பி ஏணியிலிருந்து விழுந்த நாள்முதல் அவள் அவரை எங்கும் தனியாக விடுவதில்லை.

வாரியம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் காண்பதற்காகப் பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஏற்பட்டது. கம்பியில்லா அலைகளையும் மின்சாரத்தையும் மனித உடம்பு உணருமா, உணராதா? பதில் இன்னும் வரவில்லை என்றாலும் கேள்வியைத் துருப்பிடிக்காமல் பாதுகாத்து வந்தார்கள். உணரும் என்பவர்கள் உண்டு சங்கம், உணராது என்பவர்கள் இல்லை சங்கம். இரண்டு சங்கங்களுக்கும் வாரியத்தில் சரிசமமான இருக்கைகள், சரிசமமான கழிப்பறைகள். புதன்கிழமை தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு அவர்கள் மோதிக்கொள்வதற்காக வாசல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். எறியும் கல் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று விதியும் இருந்தது. விதியை மீறி எறியப்பட்ட கற்கள் முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், காயம்பட்டவர் பெயரோடு வைக்கப்பட்டிருந்தன.

முன்கூடத்துச் சுவரில், 'உணர்வாளர்கள் நலன் கருதிக் கைபேசிகளை அணைக்கவும்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'டோக்கன் எண் தங்கள் கைபேசிக்கு வரும்' என்று எழுதியிருந்தது. வயர்மேனுக்கு முன்னால் நின்ற சைக்கிள் கடைக்காரர் இரண்டையும் படித்துவிட்டு, டோக்கன் வந்ததா என்று பார்க்கக் கைபேசியை ஆன் செய்தார். காவலாளி தடியால் அவர் கையில் ஒன்று போட்டான். கைபேசியும் இரண்டு விரல்களும் உடைந்தன. சைக்கிள் கடைக்காரர் அழுதுகொண்டே கவுண்டருக்குப் போனார். "போன் இல்லாதவருக்கு டோக்கன் கிடையாது" என்று அங்கே அன்பாகச் சொல்லி, இரண்டு பேர் அவரைத் தூக்கி வெளியே எறிந்தார்கள்.

"வாடா தம்பி, போயிடலாம்" என்றாள் அக்கா.

"போனா வேலை போயிடும் அக்கா."

உள்ளே குமாஸ்தா படிவத்தை விரித்துவைத்துக்கொண்டு, "வலி எவ்வளவு?" என்று கேட்டார்.

"ரொம்ப சார்."

"ரொம்பன்னு ஒரு அளவு கிடையாது. அறையில சொல்லுங்க."

வயர்மேன் விழித்தார். "எந்த அறையில இருந்தாலும் வலிக்குது சார். பக்கத்துல டவர் இருந்தா போதும்."

"ரூம் இல்லைங்க. அறை." குமாஸ்தா மணியை அடித்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து மெலிந்த ஒரு மனிதர் வந்தார். மணிக்கட்டில் துணிக்கட்டு. தைல வாசனை. "வணக்கம். நான் முதல்நிலை அறையாளர்" என்றார். "பயப்படாதீங்க, வருஷா வருஷம் சோதிச்சு முத்திரை வாங்குற கை. கன்னத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க."

முதல் அறை விழுந்தது. வயர்மேன் கண்ணில் பூச்சி பறந்தது.

"இது ஒண்ணு. உங்க தலைவலி இதைவிடக் கூடவா, குறைச்சலா?"

வயர்மேன் பொய் சொல்லத் தெரியாதவர். "கூட" என்றார். இரண்டாவது விழுந்தது. உதடு கிழிந்தது. மூன்றாவதற்குப் பிறகும் நன்றாக யோசித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கூட சார்" என்றார். அறையாளரின் முகம் மலர்ந்தது. நான்காவதைப் பாதி வேகத்தில் கொடுத்துவிட்டு, "பாதி அறைதான் கஷ்டம். அதுக்காகத்தான் எனக்கு முதல்நிலை குடுத்தாங்க" என்றார். குமாஸ்தா 'மூன்றரை' என்று எழுதினார்.

சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அக்கா, தம்பியின் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள். கையை ஓங்கினாள். அறையாளர் சுழன்று பீரோவில் மோதிக் கீழே விழுந்தார்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைக்கவில்லை. "இது எத்தனை?"

தரையில் கிடந்தபடியே அறையாளர் தாடையை அசைத்துப் பார்த்தார். "ஏழு" என்றார். தொழில் நேர்மை உறுத்தியிருக்க வேண்டும். "ஏழே கால்."

அடுத்து பெட்டிச் சோதனை. ஜன்னலில்லாத ஒரு சின்ன அறையில் மேஜைமேல் கறுப்புப் பெட்டி இருந்தது. உள்ளே அலை ஓடுகிறதா இல்லையா என்று பத்துத் தடவை சொல்ல வேண்டும். வயர்மேன் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுபவரைப் போலக் கவனமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். உண்மையைத் தெரிந்துகொள்ளும் ஆசை அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

"எத்தனை சரி சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சோதனை அதிகாரி. "எனக்குத் தெரிஞ்சா என் முகத்தைப் பாத்தே நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. அது மூணாவது மாடிக்குத்தான் தெரியும்."

மூன்றாவது மாடியில் இருந்தவர் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார். "எப்ப ஆன் பண்ணோம், எப்ப ஆஃப் பண்ணோம்னு நாங்க எழுதி வைக்கிறதில்லைங்க. எழுதி வெச்சா யாராவது பாத்துடுவாங்க."

பெட்டிச் சோதனை ஏழு மாதத்தில் பதினான்கு தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் தலைவலி புதிதாக அளக்கப்பட்டது. கம்பெனி சம்பளத்தைப் பாதியாக்கியது. புதன்கிழமைகளில் அவர் வாசலைக் கடக்கும்போது, உண்டு சங்கத்தார் மறித்து, "நீ உண்டா, இல்லையா?" என்பார்கள். "தெரியலைங்க, அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்பார். அடி விழும். நான்கு எட்டு வைத்தால் இல்லை சங்கத்தாரும் அதையே கேட்பார்கள். அவரும் அதையே சொல்வார். ஒருநாள் கடைவாய்ப் பல் போயிற்று. இன்னொரு நாள் இடது சுண்டுவிரல் முறிந்தது. எந்தச் சங்கம் எதை உடைத்தது என்பது பிறகு அவருக்கே குழம்பிவிட்டது.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் மோட்டாரை நிறுத்தி மெயினையும் இறக்கினாள். தம்பியின் கைபேசியைப் பிடுங்கி அணைத்துத் தெருக்கோடிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் ஒரு வைஃபை பெட்டியையும் அதற்கான பேட்டரியையும் இரவல் வாங்கி, கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள்.

"இங்க உக்காரு. திரும்பிப் பாக்காதே. நான் காசு சுண்டுவேன். தலை விழுந்தா ஆன், பூ விழுந்தா ஆஃப். பெட்டி விளக்குமேல துணி போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு."

இருபது தடவை. காலையில் ஆரம்பித்தது மத்தியானம் தாண்டியது. அவள் ஒவ்வொன்றையும் சாக்கின்மேல் கரித்துண்டால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டாள். கடைசியில் எண்ணிப் பார்த்தாள். பதினொன்று சரி, ஒன்பது தப்பு.

"குருட்டாம்போக்குல சொல்லியிருந்தாலும் இவ்வளவு வரும்டா" என்றாள்.

வயர்மேன் சாக்குக் கோடுகளைத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "அப்ப நான் நடிக்கிறேன்னு நினைக்கிறியா அக்கா? ஆஃப்ல இருந்தப்பவும் வலிச்சுது. சத்தியமா வலிச்சுது."

"தெரியும். உன் கழுத்து நரம்பு புடைக்கிறதை நான் பின்னால நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன்? சட்டை நனைஞ்சு போச்சு." அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வலி நிஜம்தான். சிக்னலுக்கும் அதுக்கும்தான் சம்பந்தம் தெரியல."

அடுத்த வாரம் இறுதி விசாரணை. அங்கே போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதென்று வயர்மேன் முடிவு செய்தார். ஸ்டோர் ரூம் போய்விடுமே என்றாள் அக்கா. "பொய் சொல்லி வாங்கின ஸ்டோர் ரூம்லயும் வலிக்கும்ல?" என்றார் அவர்.

விசாரணை மண்டபத்தில் அலை புகாதபடி ஜன்னல்களுக்குத் தகடு அடித்திருந்தார்கள். ரப்பர் செருப்பு முடிவைப் பாதிக்கும் என்பதால் எல்லோரும் வெறுங்காலோடு இருக்க வேண்டும். தரையை அப்போதுதான் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். நடுவில் மேடைமேல் ஓர் இரும்பு நாற்காலி, அடியில் பெட்டி, பெட்டியிலிருந்து சுவர்வரை வயர். வலதுபக்கம் பச்சைத் துண்டு போட்ட உண்டு சங்கத்தார், இடதுபக்கம் சிவப்புத் துண்டு போட்ட இல்லை சங்கத்தார். வாரியத் தலைவர் எழுந்தார்.

"பதினோரு வருஷமா இந்த வாரியம் ஒரு பக்கமும் சாயல" என்றார். "சாயாம நிக்கிறது லேசான வேலை இல்ல. அதுக்குன்னே நூத்தி நாப்பது பேர் சம்பளம் வாங்குறாங்க. நாளைக்கே பதில் கிடைச்சிட்டா இந்த நூத்தி நாப்பது குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துடும். அதனால உண்மையைக் கண்டுபிடிக்கிற விஷயத்துல நாங்க அவசரப்படுறதே இல்ல. இங்க வர்றவங்க அடிபடுறாங்கன்னு வெளியில பேசிக்கிறாங்க. நான் கேக்குறேன், அடிபட்டா வலி வெளியில தெரியுது. தெரியாத வலியைத் தெரியுற வலியா மாத்தித் தர்றது சேவை இல்லையா?"

இரண்டு பக்கமும் சரிசமமாகக் கைதட்டினார்கள். தலைவர் வயர்மேனைப் பார்த்தார். "சொல்லுங்க. உண்டா, இல்லையா?"

வயர்மேன் கைகட்டி நின்று, மில்லில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். இருபதில் பதினொன்று. "சிக்னல் ஓடுறதை என்னால கண்டுபிடிக்க முடியலைங்க. ஆனா வலி இருக்கு. அந்த ரெண்டையும் அப்படியே எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

உண்டு சங்கத் தலைவர் "துரோகி!" என்று கத்தினார். இல்லை சங்கத் தலைவி "வலி இருக்குங்கிறான், துரோகி!" என்று கத்தினாள். பதினோரு வருடத்தில் இரண்டு சங்கங்களும் ஒரே வார்த்தையைச் சொன்னது அன்றுதான்.

வாரியத் தலைவர் படிவத்தைப் புரட்டினார். "நீங்க சொல்றதுக்கு இதுல கட்டமே இல்லையே. உரிமம் இல்லாம வீட்டுல சோதனை பண்ணது வேற தனிக் குற்றம். போய் நாற்காலியில உக்காருங்க. அது சொல்லட்டும்."

வயர்மேன் மேடையேறினார். உட்காருவதற்கு முன்னால், தொழில் பழக்கத்தில், புறங்கையால் நாற்காலியின் கையை லேசாகத் தொட்டார். சுரீர் என்று கையை இழுத்துக்கொண்டார்.

"உணர்ந்துட்டாரு!" என்று பச்சைத் துண்டுகள் பறந்தன.

"நடிப்பு!" என்று சிவப்புத் துண்டுகள் எழுந்தன.

"ஐயோ, அது இல்லைங்க!" வயர்மேன் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். "வயர் தோல் உரிஞ்சு இரும்புல உரசுது. நாற்காலி முழுக்க கரண்ட் இருக்கு. எர்த் வயர் எங்க? யாரோ வெட்டியிருக்காங்களே!"

குமாஸ்தா கோப்பைப் பார்த்துச் சொன்னார். "எர்த் வயர் பச்சை நிறம். ஒரு சங்கத்தோட கொடி நிறம்னு ஆட்சேபணை வந்துச்சு. நடுநிலை கருதி வெட்டிட்டோம்."

"சார், இது நிஜக் கரண்ட். ஆளைக் கொன்னுடும்."

"நிஜக் கரண்ட், பொய்க் கரண்ட்னு வாரியம் பாகுபாடு பாக்காது" என்றார் தலைவர். "ஒரு நாற்காலியைப் பாத்து இப்படிப் பயந்தா எப்படி?" என்று மேடையேறி, வெறுங்காலோடு, ஈரம் சொட்டும் வேட்டியோடு கம்பீரமாக அதில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் நிமிர்ந்தார். இரண்டு கைகளும் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தன. கண்கள் வெளியே பிதுங்கின. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. தலைவர் ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று சபை மரியாதையோடு காத்திருந்தது. குமாஸ்தா 'ம்ம்ம்ம்ம்' என்று குறிப்பெடுத்தார்.

வயர்மேன் மட்டும் ஓடினார். மெயின் சுவிட்ச் மண்டபத்தின் அடுத்த கோடியில் இருந்தது. சோதனையைக் கெடுக்கிறான் என்று காவலாளிகள் தடியோடு பாய்ந்தார்கள். சாட்சியத்தை அணைக்கப்போகிறான் என்று பச்சைத் துண்டுகள் பாய்ந்தன. எதற்குப் பாய்கிறோம் என்று தெரியாமலே சிவப்புத் துண்டுகளும் பாய்ந்தன. தோளில் ஒன்று, முழங்காலில் ஒன்று, உடைந்த விலாவின்மேல் சரியாக ஒன்று. அவர் தவழ ஆரம்பித்தார்.

"விலகுங்கடா!" அக்கா ஒரு பெஞ்சைத் தூக்கிவிட்டாள். அதை வைத்து அவள் மண்டபத்தை ஒரு பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வீச்சில் மூன்று காவலாளிகள் விழுந்தார்கள். இரண்டாவது வீச்சில் உண்டு சங்கத் தலைவரின் கை முறிந்தது. மூன்றாவது வீச்சில் இல்லை சங்கத் தலைவியின் கணுக்கால் முறிந்தது. அந்த அளவில் அவள் நடுநிலை தவறவில்லை.

வயர்மேன் சுவரைப் பிடித்து எழுந்து நெம்புகோலைக் கீழே இழுத்தார். அந்த நொடியிலேயே யாரோ பின்னாலிருந்து அவர் மண்டையில் இரும்புக் கம்பியை இறக்கினார்கள். விளக்குகள் எல்லாம் அணைந்தன. இருட்டில் தலைவர் பொத்தென்று விழும் சத்தமும், அதன் பிறகு எலும்பு முறியும் சத்தங்களும் கேட்டன. அன்றைக்கு யாரும் எலுமிச்சம்பழ அளவைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்று பிற்பகல் முப்பத்தெட்டுப் பேரை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். வயர்மேனின் மண்டையில் டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர். கண்ணில் தூக்கம், விரலில் நூல். பதினாலாவது தையலில் அவர் கை நின்றது.

"இந்த அடிக்கு முன்னாலயும் தலைவலி உண்டா? நெற்றியைச் சுருக்கியே வெச்சிருக்கீங்களே."

"ஒரு வருஷமா இருக்குங்க."

"எங்க வலிக்குது?"

வயர்மேன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. எத்தனை அறை என்று கேட்டிருக்கிறார்கள், உண்டா இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அவர் அழுவதைப் பார்த்து அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பின்மண்டையிலங்க" என்றார் ஒருவழியாக.

"கழுத்தை அண்ணாந்து பாத்துட்டே செய்யற வேலையா?"

"இருபத்திரண்டு வருஷமா. இந்த டவர் பெட்டிகள் வந்த பிறகு ரொம்ப நேரம் அண்ணாந்து நிக்கணும்."

டாக்டரம்மா கழுத்தின் பின்புறம், மண்டை ஆரம்பிக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வயர்மேன் அலறினார். அதே ஆணி, அதே இடம். காதில் ஸ்ஸ் என்ற அதே சத்தம்.

"இதுவா?"

"இதேதான்! இதேதாங்க! அப்ப இதுதான் காரணமா?"

"தெரியல" என்றார் டாக்டரம்மா. "இதுவா இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம். ஒரு படம் எடுத்துப் பாப்போம். அதுவரைக்கும் ஏணி ஏற வேண்டாம்னு உங்க கம்பெனிக்கு நான் எழுதித் தர்றேன்."

வயர்மேன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா அக்கா? தெரியலன்னு சொல்றாங்க!" மாலை மரியாதை கிடைத்தவரைப்போல அவர் முகம் பூரித்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் வாரியத் தலைவரைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். உள்ளங்கை இரண்டும் கருகியிருந்தன. உட்காரும் இடத்தில் நாற்காலியின் இரும்புப் பட்டைகள் வரிவரியாகச் சூடு போட்டிருந்தன. அவருக்கு வலதுபக்கக் கட்டிலில் உண்டு சங்கத் தலைவர், கையில் மாவுக்கட்டோடு. இடதுபக்கம் சக்கர நாற்காலியில் இல்லை சங்கத் தலைவி, காலில் மாவுக்கட்டோடு. இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா தலைக்கட்டோடு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நர்ஸ் வந்து கருகிய தோலை இடுக்கியால் பிடித்து உரித்தாள். தலைவரின் உடம்பு தூக்கிப்போட்டது. தலையணையின் மூலை அவர் வாய்க்குள் போனது. கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாக வழிந்தது.

"ரொம்ப வலிக்குதா சார்?" என்று நர்ஸ் பரிவோடு கேட்டாள்.

தலைவர் தலையணையைத் துப்பினார். வலதுபக்கம் பார்த்தார். இடதுபக்கம் பார்த்தார்.

"பரிசீலனையில இருக்கு" என்றார்.

வயர்மேனுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு, ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார். அக்காவும் சேர்ந்துகொண்டாள்.

"அசையாதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று டாக்டரம்மா அவர் தலையைப் பிடித்து அமுக்கினார்.